கித்தா காட்டு வரலாறு – 9: பெரட்டுக் களத்தில் ஒரு படை

1947 பிப்ரவரி மாதக் கடைசி. கெடாவின் பீடோங் வட்டாரத்தில் ஒரு கள்ளுக்கடையின் முன்னால் தோட்டத்து ஆட்கள் திரண்டு நின்றார்கள். குடிப்பதற்கு வந்த கூட்டமில்லை அது. குடிக்க வருகிறவனை மறித்துத் திருப்பி அனுப்ப வந்த கூட்டம். போலீஸ் வந்தது, தள்ளுமுள்ளு ஆனது, அடிதடி மூண்டது. அடிபட்டவர்களில் ஒரு தொழிலாளி இறந்துபோனார்.

ஊர்கூடிக் குடியை நிறுத்தச் சொன்னதற்கு ஓர் உயிர் போகுமா என்று இன்றைக்குப் படிப்பவருக்குத் தோன்றும். அன்று அந்தக் கடைவாசலில் நின்ற போலீஸ்காரனின் கண்ணுக்குத் தெரிந்தது கள்ளுப்பானை அல்ல. வரிசை வரிசையாக, ஒரே மாதிரி உடுத்திக்கொண்டு, கட்டளைக்குக் கால் மாற்றி நடக்கிற தமிழர்கள்தான் தெரிந்தார்கள். கித்தா (ரப்பர்) மரத்தில் பால் வெட்டுகிற கூலிக்கு இந்த நடை எங்கிருந்து வந்தது? இதைச் சொல்ல ஐந்தாண்டு பின்னால் போகவேண்டும். போகிற இடமும் கெடாதான்.

1941 டிசம்பர் 8-ஆம் தேதி ஜப்பானியப் படை தாய்லாந்தின் சிங்கோராவில் இறங்கி, நெடுஞ்சாலை வழியே தெற்கே வந்தது. அதைத் தடுக்க ஜித்ராவில் அரண் கட்டிக் காத்திருந்தது பதினோராவது இந்திய டிவிஷன். மழை, சேறு, அரைகுறையாய் நின்ற முள்வேலி. டாங்கிகள் வந்ததும் முன்னணி சிதறியது. ஓரிரு நாளில் ஜித்ரா விழுந்தது. சிதறியவர்களில் ஒருவர் பஞ்சாப் ரெஜிமெண்டின் கேப்டன் மோகன் சிங். காட்டிலும் கித்தா மரங்களுக்கிடையிலும் அலைந்து, கடைசியில் ஜப்பானியரிடம் சேர்ந்தார். அலோர் ஸ்டாரில் அவரைச் சந்தித்துப் பேசியவர்கள் இருவர்: ஜப்பானிய உளவுத்துறை மேஜர் புஜிவாரா, பாங்காக்கிலிருந்து வந்த கியானி பிரீத்தம் சிங். வெள்ளைக்காரன் விட்டுவிட்டுப் போன அந்த ஊரில் அப்போது கொள்ளை நடந்துகொண்டிருந்தது. அதை அடக்கும் வேலையைத்தான் புஜிவாரா முதலில் மோகன் சிங்கிடம் ஒப்படைத்தார். பிடிபட்ட இந்தியச் சிப்பாய்கள் தெருவில் காவல் நின்றார்கள். பிற்காலத்தில் சிங்கப்பூரிலும் இம்பாலிலும் பேர் வாங்கிய இந்திய தேசிய ராணுவத்தின் கரு, இப்படிக் கெடாவின் தலைநகரில் ஒரு நகர்க்காவல் வேலையோடு உண்டானது.

அதே நாட்களில் கெடா அரச குடும்பத்துக்குள்ளும் ஒரு நாடகம் நடந்தது. முதிய சுல்தான் அப்துல் ஹமீதை ஆங்கிலேயர் பினாங்கிற்குக் கொண்டுபோகப் பார்த்தார்கள். கூலிம் மாவட்ட அதிகாரியாயிருந்த அவருடைய மகன் வண்டியை வழிமறித்துத் தகப்பனாரைத் தன் பக்கம் திருப்பிவிட்டார். மக்களை விட்டுவிட்டு அரசர் ஓடுவது அழகில்லை என்பது அவர் கட்சி. அந்த மகன் துங்கு அப்துல் ரஹ்மான். அவர் தகப்பனாரைக் கொண்டுபோக விடாத அந்தப் பினாங்கிலிருந்து, சில நாளில் ஐரோப்பியர் மட்டும் இரவோடு இரவாகக் கப்பலேறினார்கள். ஆசியர்களைக் குண்டுக்கு விட்டுப் போனார்கள். அந்தச் செய்தி தோட்டம் தோட்டமாகப் பரவியது. அதுவரை ‘துரை இருக்கிறார்’ என்று நம்பியிருந்த லயங்களில், தொழிலாளரின் வரிசை வீடுகளில், அந்த நம்பிக்கை அன்றோடு முடிந்தது.

மோகன் சிங்கின் முதல் ராணுவம் நீடிக்கவில்லை. ஜப்பானியரோடு முரண்பட்டு 1942 டிசம்பரில் அவரே கைதானார். பிரீத்தம் சிங் அதற்கு முன்பே விமான விபத்தில் மாண்டிருந்தார். 1943 ஜூலையில் சிங்கப்பூரில் நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் பொறுப்பேற்றார். அதன் பிறகுதான் தோட்டத்து வாழ்க்கை அடியோடு மாறியது. அதுவரை படை என்றால் போர்க்கைதியாகிவிட்ட சிப்பாய்கள். போஸோ பால் வெட்டுகிறவனையும் கடைக்காரனையும் கிராணியையும் கூப்பிட்டார். அதே ஜூலையில் ஜான்சி ராணி படைக்குப் பெண்களையும் கூப்பிட்டார்.

இந்த மாற்றத்தின் அளவு என்ன என்று தெரிய, பெரட்டை நினைத்துப் பார்க்க வேண்டும். விடியுமுன் மணி அடிக்கும். ஆணும் பெண்ணும் கத்தியும் வாளியுமாகக் களத்தில் வரிசை கட்டுவார்கள். கிராணி பேர் கூப்பிடுவார், கங்காணி தலை எண்ணுவார், வராதவனைத் தேடி லயத்துக்கு ஆள் போகும். மூன்று தலைமுறையாக வரிசையில் நிற்பது என்றால் இதுதான். தலை குனிந்து நிற்பது. இப்போது அதே களத்தில் சாயங்காலம் வேறொரு வரிசை. கட்டளை ஹிந்துஸ்தானியில் வரும். பாதிப் பேருக்குச் சொல் புரியாது, ஆனால் நெஞ்சை நிமிர்த்தச் சொல்கிறார்கள் என்பது எல்லோருக்கும் புரிந்தது. கங்காணியும் கூலியும் ஒரே வரிசையில் நின்றார்கள். ‘ஜெய் ஹிந்த்’ என்றால் பதிலுக்கு ‘ஜெய் ஹிந்த்’ வந்தது, யார் முதலில் சொன்னாலும்.

இந்தக் காட்சியில் மயங்கிவிடாமல் இன்னொன்றையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். அதே 1943-இல்தான் ஜப்பானியர் சயாம்–பர்மா ரயில் பாதைக்காகத் தோட்டங்களிலிருந்து ஆட்களை அள்ளிக்கொண்டு போனார்கள். நல்ல சம்பளம் என்று சொல்லிச் சிலரை, லாரியில் மறித்துப் பிடித்துச் சிலரை. போனவர்கள் பல்லாயிரம், காலராவிலும் பட்டினியிலும் அடியிலும் பெரும் பகுதி திரும்பவில்லை. அந்த ஆண்டு அக்டோபரில் கெடாவையே ஜப்பான் தாய்லாந்துக்குக் கொடுத்துவிட்டதால், கெடாத் தமிழன் ஒரே நேரத்தில் மூன்று அரசுகளின் நிழலில் இருந்தான்: தாய்லாந்தின் நிர்வாகம், ஜப்பானின் துப்பாக்கி, நேதாஜியின் தற்காலிக அரசாங்கம். ‘சயாமுக்குப் போவதா, சேனைக்குப் போவதா’ என்ற கேள்வி பல வீடுகளில் எழுந்தது. தேசப்பற்றோடு சேர்ந்தவர் பலர். சயாம் ரயில் வேலையிலிருந்து தப்பிக்கச் சேர்ந்தவர்களும் உண்டு. இந்த இரண்டையும் பிரித்துக் கணக்கெடுக்க முயல்வது வீண். ஒரே ஆளுக்குள் இரண்டும் இருந்திருக்கும்.

1945 ஆகஸ்டில் ஜப்பான் விழுந்தது, போஸ் போனார், படை கலைந்தது. சிங்கப்பூரில் எழுப்பப்பட்டிருந்த இந்திய தேசிய ராணுவ நினைவுச்சின்னத்தைத் திரும்பி வந்த ஆங்கிலேயர் உடைத்தார்கள். நடையை உடைக்க முடியவில்லை. படைக்குப் போன பையன்கள் லயத்துக்குத் திரும்பினார்கள். பழைய நிரை, பழைய மங்கு, பழைய கத்தி. அரிசி ரேஷனில் அளந்து வந்தது. விலை ஏறிக் கிடந்தது. சம்பளம் அதற்கு ஈடாக ஏறவில்லை. துரைகளோ பலர் ஜப்பானியச் சிறைமுகாம்களில் மூன்றரை வருஷம் எலும்பும் தோலுமாகக் கிடந்து வந்தவர்கள். தங்களைச் சிறைவைத்த எதிரியோடு சேர்ந்து அணிவகுத்த ஆட்களிடமே திரும்ப வேலை வாங்க வேண்டிய நிலை. இரண்டு பக்கமும் முகம் கொடுத்துப் பேச முடியாத காலம் அது.

தில்லிச் செங்கோட்டையில் 1945 நவம்பரில் தொடங்கிய வழக்கு இதை இன்னும் கூராக்கியது. இந்திய தேசிய ராணுவ அதிகாரிகள் ஷா நவாஸ் கான், சேகல், தில்லான் மூவரும் குற்றவாளிக் கூண்டில் நிற்க, இந்தியா முழுதும் அவர்களுக்காகக் கொதித்தது. 1946 மார்ச்சில் நேரு மலாயாவுக்கு வந்தபோது கூட்டம் அலைமோதியது. ஆகஸ்டில் மலாயா இந்தியன் காங்கிரஸ் பிறந்தது. அதன் முதல் தலைவர் ஜான் திவி, போஸின் தற்காலிக அரசாங்கத்தோடு தொடர்புள்ளவர். இவையெல்லாம் நகரங்களில், கோட்டு போட்டவர்கள் நடத்திய அரசியல். கெடாவின் தோட்டங்களில் வேறொன்று முளைத்தது.

அதன் பேர் தொண்டர் படை. பீடோங் பக்கத்து ஹார்வார்ட் தோட்டத்தை மையமாக வைத்து இதற்குத் தலைமை தாங்கியவர் ஏ.எம். சாமி. தோட்டம் தோட்டமாக இளைஞர்களைச் சேர்த்தார்கள். பயிற்சி கொடுக்க இந்திய தேசிய ராணுவத்தில் இருந்தவர்களே கிடைத்தார்கள். சீருடை, அணிவகுப்பு, கட்டளை எல்லாம் உண்டு. துப்பாக்கி மட்டும் இல்லை. கேட்டவை என்ன? குடி ஒழிய வேண்டும், லயத்துக்குள் அடிதடி நிற்க வேண்டும், பிள்ளைகள் பள்ளிக்கூடம் போக வேண்டும், கூலி உயர வேண்டும், துரையும் கிராணியும் மரியாதையாகப் பேச வேண்டும்.

மரியாதைக் கோரிக்கை புதிதில்லை. 1941-இல் கிள்ளானில் ஆர்.எச். நாதன் நடத்திய வேலைநிறுத்தத்தின் பட்டியலில், துரையைக் கண்டதும் சைக்கிளிலிருந்து இறங்கவேண்டும் என்ற வழக்கத்தை நிறுத்தச் சொல்லி ஒரு வரி இருந்தது. கள்ளுக்கடையை மூடச் சொல்லியும் ஒரு வரி. அதற்குக் கிடைத்த பதில் நாதனை நாடு கடத்தியதும், ராணுவத்தை இறக்கியதும், தொழிலாளர் சிலரைச் சுட்டுக் கொன்றதும். கெடாக்காரர்கள் அந்தப் பட்டியலைக் கீழே போடவில்லை.

கள்ளுக்கு வருவோம். தோட்டத்துக் கள்ளுக்கடை அரசாங்க உரிமத்தோடு நடந்தது. காலையில் வெட்டிய பாலை ஸ்டோரில் நிறுத்துப் போட்டுவிட்டு, உடம்பு வலிக்க வருகிறவனுக்கு நடக்கிற தூரத்தில் கடை. சம்பள நாளில் கையில் வாங்கிய காசில் ஒரு பங்கு அங்கேயே போய்ச் சேர்ந்துவிடும். இதற்குத் துரைமார் ஒரு நியாயம் வைத்திருந்தார்கள்: கள்ளுக்கடையை மூடினால் சம்சு என்ற கள்ளச்சாராயத்தைக் காய்ச்சிக் குடித்துக் கண் போகும், தவிர, கடை லாபம் தொழிலாளர் நலனுக்கே செலவாகிறது. அவன் காசில் அவனுக்கே நலம்! முதல் வாதத்தில் கொஞ்சம் உண்மை இருந்தது, சம்சு பொல்லாதது. இரண்டாவதைக் கேட்டுத் தோட்டத்துப் பெண்கள் என்ன சொல்லியிருப்பார்கள் என்று எழுத வேண்டியதில்லை.

கள்ளுக்கடை மறியல் தமிழர்களுக்குத் தெரிந்த பழைய ஆயுதம். 1921-இல் காந்தியின் அழைப்பை ஏற்று ஈரோட்டில் ஈ.வெ.ரா.வின் மனைவி நாகம்மையும் தங்கை கண்ணம்மாளும் கடைவாசலில் நின்றது ஊரறிந்த கதை. அந்த ஈ.வெ.ரா. 1929 கடைசியில் மலாயாவுக்கே வந்து போயிருந்தார். சாரங்கபாணியின் ‘தமிழ் முரசு’ சீர்திருத்தத்தை ஓயாமல் எழுதிக்கொண்டிருந்தது. ஆக, தொண்டர் படையின் நோக்கம் காந்தி வழி வந்தது, நடை நேதாஜி வழி வந்தது. அடிக்காதே என்பவரின் மறியலை, அடி என்பவரின் சீருடையில் செய்தார்கள். இந்தியாவில் இந்த இரண்டு தலைவர்களும் பிரிந்த இடத்தில், பீடோங் தோட்டத்துக்காரன் இரண்டையும் ஒன்றாக உடுத்திக்கொண்டான். அவனுக்கு அதில் முரண் தெரியவில்லை. பிரிட்டிஷ் அதிகாரியின் கண்ணில் சீருடை மட்டும் பட்டது.

முழுக்க அதிகாரியின் கண்கோளாறு என்றும் தள்ளிவிட முடியாது. குடித்து வந்தவனைத் தொண்டர்கள் பிடித்துத் தண்டிக்கிறார்கள், தாங்களே போலீஸும் கோர்ட்டுமாக நடக்கிறார்கள் என்று நிர்வாகம் புகார் அடுக்கியது. புகாரில் மிகைப்படுத்தல் இருந்திருக்கலாம். ஆனால் சீருடை போட்ட இருபது வயதுப் பையன், கள் வாசம் வீசுகிற நாற்பது வயதுக்காரனை எதிரே பார்த்தால் எப்போதும் கைகூப்பித்தான் பேசியிருப்பான் என்று நம்ப முடியவில்லை. தேசத்தைத் திருத்தப் புறப்படுகிற எந்தப் படையும் முதலில் தன் சொந்தத் தெருவில்தான் கை ஓங்கும். கெடாவில் அந்தக் கை எவ்வளவு தூரம் போனது என்பது விவாதத்துக்குரியது. உயிர் எடுக்கிற அளவுக்குப் போனது போலீஸின் கைதான்.

பீடோங்கின் பிப்ரவரி மோதல் அதோடு நிற்கவில்லை. மார்ச் மாதத் தொடக்கத்தில் புக்கிட் செம்பிலான் தோட்டத்துக்குள் போலீஸ் நுழைந்தது. வேலைநிறுத்தத்தில் இருந்த தொழிலாளர்களுக்கும் போலீஸுக்கும் பெரும் கைகலப்பு. பலர் காயப்பட்டார்கள், டஜன் கணக்கில் கைதானார்கள், விசாரணை சட்டென்று முடிந்து பெரும்பாலோருக்குச் சிறைத்தண்டனை. வெள்ளைக்காரத் தோட்டக்காரர் சங்கமும் ஆங்கிலப் பத்திரிகைகளும் இதைச் சட்டம்–ஒழுங்குப் பிரச்சினை என்றன. தொழிற்சங்கங்களும் தமிழ்ப் பத்திரிகைகளும் போலீஸ் அராஜகம் என்றன. சுதந்திரத்துக்குச் சில மாதமே இருந்த இந்தியாவின் சார்பில் மலாயாவில் இருந்த பிரதிநிதி எஸ்.கே. சேத்தூருக்கும் கெடா ஒரு தலைவலியானது.

ஏப்ரல் கடைசியில் கூலிம் பக்கத்து டப்ளின் தோட்டத்தில் போலீஸ் சுட்டது. தொழிலாளி ஒருவர் இறந்தார். வேறு சிலர் காயப்பட்டார்கள்.

தோட்டங்களுக்குப் பேர் வைத்தவர்கள் எதையும் யோசித்து வைக்கவில்லை. ஊர் ஏக்கத்தில் வைத்தார்கள். இருந்தாலும் இந்தப் பேர் உறுத்துகிறது. 1916 ஏப்ரல் கடைசி வாரத்தில்தான் அசல் டப்ளின் நகரத்தில் ஐரிஷ் தொண்டர்கள் அஞ்சலகத்தைப் பிடித்துக்கொண்டு குடியரசைப் பிரகடனம் செய்தார்கள். கையில் துப்பாக்கியோடு எழுந்தவர்கள் அவர்கள். ஒரு வாரத்தில் அடக்கப்பட்டு, தலைவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதுவரை அவர்களை முறைத்துப் பார்த்த டப்ளின் மக்கள், அந்த மரண தண்டனைகளுக்குப் பின் அவர்கள் பக்கம் சாய்ந்தார்கள். ஒரு கிளர்ச்சியை எப்படி அடக்கக்கூடாது என்று பிரிட்டிஷ் அரசுக்கு டப்ளின் சொல்லிக்கொடுத்திருந்தது. முப்பது வருஷம் கழித்து அதே பேருள்ள தோட்டத்தில், துப்பாக்கி இல்லாதவர்கள் மேல் அதே கை நீண்டது.

தமிழர்களைக் கண்டு மட்டும்தான் ஆட்சியாளர்களுக்கு நடுக்கம் என்றில்லை. அந்த ஆண்டே மலாய் இளைஞர்களும் அணிவகுத்துக்கொண்டிருந்தார்கள். அஹ்மத் பூஸ்தமாம் தலைமையிலான ஆப்பி இயக்கம், ரத்தம் சிந்தியாவது விடுதலை என்று முழங்கியது. பக்கத்து இந்தோனேசியாவில் டச்சுக்காரனோடு நிஜமான போரே நடந்தபோது, அந்த முழக்கம் வெறும் பேச்சாகக் கேட்கவில்லை. பூஸ்தமாம் மேல் ராஜத்துரோக வழக்கு வந்தது. 1947 ஜூலையில் ஆப்பி தடை செய்யப்பட்டது. மலாயாவில் போருக்குப் பின் தடைபட்ட முதல் அரசியல் இயக்கம் அதுதான். காட்டில் துப்பாக்கியைப் புதைத்து வைத்திருந்த கம்யூனிஸ்டுக் கட்சி அப்போது சட்டப்படி நடமாடிக்கொண்டிருந்தது என்பதையும் சேர்த்துப் பார்த்தால், ஆட்சியாளர்கள் எதைக் கண்டு பயந்தார்கள் என்பது புரியும். ஆயுதத்தைவிட, சொந்த ஆட்கள் வரிசை கட்டி நிற்பது அவர்களுக்கு அதிகம் கசந்தது.

மலாய்ப் பையனும் தமிழ்ப் பையனும் ஒரே ஆண்டில், ஒரே காரணத்துக்காக, ஒரே மாதிரி நடந்தார்கள். சேர்ந்து நடக்கவில்லை. தொண்டர் படையின் தேசம் கடலுக்கு அப்பால் இருந்தது, அதன் கொடியும் அங்கிருந்து வந்தது. கூலி கேட்டது கெடாவில், ஜெய் சொன்னது இந்தியாவுக்கு. மலாயாவே தங்கள் நாடு என்ற எண்ணம் தோட்டத்தில் இன்னும் வேர்விடாத நேரம். 1947 ஆகஸ்ட் 15-இல் இந்தியா விடுதலையடைந்ததும் அந்தத் தேசியம் இங்கே வேலையற்றுப் போனது. பாக்கி நின்றது கூலிச் சண்டை. அந்தச் சண்டையை முன்னெடுக்கத் தயாராக இருந்தவை இடதுசாரித் தொழிற்சங்கங்கள்.

பிறகு வந்த வெடிப்பில் தொண்டர் படையின் குச்சியும் சீருடையும் விளையாட்டுப்போல் ஆயின. 1948 ஜூன் 16-இல் பேராவின் சுங்கை சிப்புட் பக்கத்தில் மூன்று ஐரோப்பியத் தோட்டக்காரர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். நாடு முழுதும் அவசரகாலம் வந்தது. கம்யூனிஸ்டுகள் காட்டுக்குள் போனார்கள். வெளியே நின்ற சங்கக்காரன் ஒவ்வொருவனும் சந்தேகத்துக்குரியவன் ஆனான். தொழிற்சங்கங்கள் கலைந்தன, அடையாள அட்டை வந்தது, சிதறிக்கிடந்த லயங்கள் முள்வேலிக்குள் ஒன்றுசேர்க்கப்பட்டன. கெடாவின் தோட்டங்களில் மூன்று பேர் கூடி நின்றாலே கேள்வி வரும் நிலையில், அணிவகுப்பு என்ற பேச்சுக்கே இடமில்லை.

நேதாஜி படையிலிருந்து தொழிற்சங்கத்துக்குப் போன பாதை எங்கே முடிந்தது என்பதற்கு எஸ்.ஏ. கணபதி சாட்சி. அகில மலாயாத் தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவராயிருந்தவர். துப்பாக்கி வைத்திருந்தார் என்ற குற்றத்துக்காக 1949 மே 4-ஆம் தேதி கோலாலம்பூர் புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார். அவரைக் காப்பாற்ற நேருவின் அரசு லண்டன் வரை பேசிப் பார்த்தது, பலிக்கவில்லை. அதற்கு முதல் நாள்தான் அவருடைய தோழர் வீரசேனன் நெகிரி செம்பிலானில் பாதுகாப்புப் படையால் சுடப்பட்டு இறந்தார். தமிழ்நாட்டிலும் மலாயாவிலும் இந்த இரண்டு சாவுகளும் பெரும் அதிர்ச்சியை உண்டாக்கின. தோட்டங்களில் அது வேறு மாதிரி வேலை செய்தது. சங்கம் என்று சொன்னாலே வீட்டில் பெரியவர்கள் வாயைப் பொத்தினார்கள்.

1954-இல் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் உருவானபோது, அதன் வழி பேச்சுவார்த்தையும் ஒப்பந்தமும்தான். கூலி கொஞ்சம் கொஞ்சமாக ஏறியது. சங்க அலுவலகத்தில் நாற்காலி, மேசை, டைப்ரைட்டர். நடை பழகிய தலைமுறைக்கு அது சப்பென்று இருந்திருக்கும். ஆனால் யாரும் சாகவில்லை. கள்ளுக்கடைகளோ, அதற்குப் பிறகும் பல ஆண்டு தோட்டங்களில் திறந்தே இருந்தன.

காட்டில் துப்பாக்கி ஓயாமல் போய்க்கொண்டிருந்தது. அவசரகாலம் வந்து ஏழாண்டு கழித்து அதை நிறுத்த ஒரு மேசை போடப்பட்டபோது, போட்ட இடமும் கெடாதான். 1955 டிசம்பர் 28, 29 தேதிகளில் பாலிங் பள்ளிக்கூடம் ஒன்றில் கம்யூனிஸ்டுக் கட்சித் தலைவர் சின் பெங் எதிரே வந்து உட்கார்ந்தார். இந்தப் பக்கம் சிங்கப்பூர் முதலமைச்சர் டேவிட் மார்ஷல், மலாயா சீனர் சங்கத்தின் டான் செங் லொக், நடுவில் மலாயாவின் முதலமைச்சர்: தகப்பனார் வண்டியைத் திருப்பிய அதே துங்கு அப்துல் ரஹ்மான். சரணடைந்தால் மன்னிப்பு என்றார் துங்கு. கட்சியைச் சட்டப்படி அங்கீகரித்தால் வருகிறோம் என்றார் சின் பெங். இரண்டு நாளில் பேச்சு முறிந்தது. முறிந்த அந்தப் பேச்சு துங்குவின் கையை லண்டனில் எப்படிப் பலப்படுத்தியது, பாலிங் சுற்றுவட்டாரத் தோட்டக்காரர்கள் அந்த இரண்டு நாளை எப்படிக் கழித்தார்கள் என்பது அடுத்த இதழில்.